பிளாஸ்க் ஏன் சூடு பிடிக்கவில்லை? குறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி

"வேக்குவம் போயிருச்சுங்க, வேற கொடுங்க." பாத்திரக் கடையில் நிற்பவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாட்டிலை வாங்கிப் பார்த்தால் பல நேரம் வேக்குவம் நன்றாகவே இருக்கும். மூடி வாஷர் தலைகீழாக உட்கார்ந்திருக்கும், அல்லது ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு டம்ளர் டீ ஊற்றி மத்தியானம் வரை வைத்திருப்பார்கள். இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே வேக்குவம் போய்விட்ட பாட்டிலுக்கு வாஷர் மேல் வாஷர் மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டிலும் காசு வீண். அவிநாசியில் எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: குறை உடம்பிலா, கழுத்திலா, மூடியிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கொதிக்கும் தண்ணீரும் உள்ளங்கையும் இருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சூடு வெளியே போகும் வழிகள்

ஸ்டீல் பிளாஸ்க் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு பாட்டில். இரண்டும் வாய் விளிம்பில் மட்டும் வெல்டிங்கில் சேர்ந்திருக்கும், மற்ற இடத்தில் ஒன்றையொன்று தொடாது. நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியில் காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள், அந்த வெற்றிடம்தான் வேக்குவம். கடத்திச் செல்லக் காற்று இல்லாததால் சூடு அந்த இடைவெளியைக் கதிர்வீச்சாக மட்டும்தான் தாண்ட முடியும். அதையும் குறைக்க, நல்ல பாட்டில்களில் உள் பாட்டிலின் வெளிப்பக்கத்தில் செம்பு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு வேக்குவத்துக்குள் இருப்பதால் குடிக்கும் தண்ணீரில் படாது.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு தகடோ ரப்பர் வில்லையோ ஒட்டியிருக்கும். பல மாடல்களில் அதற்குக் கீழேதான் காற்றை எடுத்த ஓட்டை இருக்கிறது. வேக்குவம் அடுப்பில் பல நூறு டிகிரி சூட்டில், காற்று முழுவதும் வெளியேறிய பிறகு, ஒரு சிறு கண்ணாடிப் பொட்டு உருகி அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பாட்டிலின் உயிர் அந்தப் பொட்டில் இருக்கிறது. கூடவே, வருடக் கணக்கில் ஸ்டீலிலிருந்து கசியும் கொஞ்சநஞ்ச வாயுவைப் பிடித்துவைக்க, இடைவெளிக்குள் கெட்டர் என்ற சின்ன வில்லை ஒன்றும் வைப்பார்கள்.

ஆக சூடு போக மூன்று வழி. உடம்பு முழுவதும் போனால் வேக்குவம் போய்விட்டது. விளிம்பு வழியாகக் கழுத்தில் இறங்கினால் அது அமைப்பிலேயே உள்ளது, தடுக்க முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிட ஏறக்குறைய 25 மடங்கு மந்தமாகத்தான் சூட்டைக் கடத்தும் என்பதால் அந்த இழப்பு தாங்கக்கூடிய அளவில் நிற்கிறது. மூன்றாவது மூடி. வேக்குவம் நன்றாக இருக்கும் பாட்டிலில் சூடு மேல்பக்கமாகத்தான், அதாவது மூடியிலும் கழுத்திலும்தான், அதிகம் போகும்.

"காத்தால ஊத்துன டீ பத்து மணிக்கே ஆறிப் போகுதுங்க"

பாட்டிலைக் காலி செய்து, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை, மூடிக்கு இரண்டு விரல் கீழே வரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் மேசையில் விடுங்கள். வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது, ஸ்டீல் வெயிலிலேயே சுட்டுவிடும். பிறகு உள்ளங்கையை அடியிலிருந்து மேலே மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

உடம்பு முழுக்க வெதுவெதுப்பாக, அல்லது பிடிக்க முடியாத சூடாக இருந்தால் வேக்குவம் போய்விட்டது. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பெரும்பாலும் காரணம் அடிப்பாகத்தில் பட்ட அடி. பாட்டில் நேராகக் கீழே விழுந்து, அடியில் ஒரு சொட்டை விழுந்து, கண்ணாடிப் பொட்டில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். அன்றே தெரியாது. காற்று மெல்ல மெல்ல உள்ளே ஏறி, சில நாள் கழித்துத்தான் "திடீர்னு போயிருச்சு" என்று வருவார்கள். பாட்டிலின் அடிக்கு மாட்டும் சிலிகான் உறை அழகுக்கான சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது இந்தப் பொட்டைத்தான், கழற்றி வைக்காதீர்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும், ரூபாய் அகலத்துக்குச் சுட்டால், அங்கே வெளிச்சுவர் அமுங்கி உள்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சொட்டை கண்ணுக்கும் தெரியும். வேக்குவம் இன்னும் இருக்கிறது, தொட்ட இடத்தில் மட்டும் சூடு ஒழுகுகிறது. டீ ஒரு மணி நேரம் முன்பே ஆறும், அவ்வளவுதான். அதை நிமிர்த்தப் போய் வெல்டிங்கையோ பொட்டையோ உடைத்துக்கொள்ள வேண்டாம், அப்படியே பயன்படுத்தலாம்.

விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு விரல் கீழே வரை மட்டும் சூடு, மற்றதெல்லாம் குளிர்ச்சி என்றால் பாட்டில் சரியாக இருக்கிறது. கழுத்தின் வேலை அது. அகன்ற வாய் பாட்டிலில் இந்தச் சூட்டு வளையம் பெரிதாக இருக்கும். கை விட்டுக் கழுவ அகன்ற வாய் வசதி, சூடு நிற்கக் குறுகிய வாய் வசதி. இரண்டையும் ஒரே பாட்டிலில் எதிர்பார்க்க முடியாது. டீ, காப்பிக்கு என்றால் நான் குறுகிய வாயைத்தான் சிபாரிசு செய்வேன்.

உடம்பு முழுக்கக் குளிர்ச்சி, ஆனாலும் டீ ஆறுகிறது என்றால் மூடியைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மூடி சேரும் இடத்தின் மேல் கவிழ்த்தாற்போல் பிடியுங்கள். டம்ளரில் ஆவி படிந்தால் வாஷர் வழியாக நீராவி போகிறது. நீராவி போனால் சூடு மொத்தமாகப் போகும், ஏனென்றால் தண்ணீர் ஆவியாகப் போகும்போது எடுத்துக்கொண்டு போகும் சூடு மிக அதிகம். பட்டன் அமுக்கி ஊற்றும் மூடியில் பட்டன் பாதியில் சிக்கி நிற்பது சகஜமான காரணம். ஆவி வரவில்லை, ஆனால் மூடியின் தலை கை வைக்க முடியாமல் சுடுகிறது என்றால், மூடிக்குள் ஃபோம் இல்லை அல்லது உள்ளே தண்ணீர் புகுந்து நனைந்திருக்கிறது. மூடியை ஆட்டிப் பாருங்கள், சளக் என்று கேட்டால் அதுதான். அந்த மாதிரிக்கே மூடி தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள், மூடி மட்டும் மாற்றினாலே பாட்டில் பழையபடி ஆகிவிடும்.

மூடியும் நன்றாக இருக்கிறதா? அப்போது குறை பாட்டிலில் இல்லை, ஊற்றும் விதத்தில் இருக்கிறது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புகார்களில் பெரிய பங்கு இங்கேதான்.

பாட்டில் ஒரு மணி நேரத்தில் இழக்கும் சூடு, அது நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினால் அதே இழப்பைக் கொஞ்சம் டீ தாங்க வேண்டும். ஆகவே சுமார் மூன்று மடங்கு வேகமாக ஆறும். தனி ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று வாங்குவது இதனால்தான் தப்புக் கணக்கு. 300, 350 மி.லி. பாட்டிலை நிறைத்து ஊற்றினால் அது நன்றாகப் பிடிக்கும்.

அடுத்து, ஊற்றும்போது இருக்கும் சூடு. பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு, கொதிக்கிற தண்ணீரைப் பாட்டில் நிறைய ஊற்றிப் பார்த்த கணக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற வழியில் டீக்கடையில் வாங்கி ஊற்றினால், அது ஏற்கனவே ஆற்றி நுரை கட்டிய டீ. கொதிநிலையிலிருந்து 20 டிகிரி வரை அங்கேயே இறங்கியிருக்கும். பார்சல் டீயை ஆற்றாமல் கொடுக்கச் சொல்லுங்கள், அதுவே பெரிய வித்தியாசம். ஊட்டியில் ஊற்றிக்கொண்டு கீழே இறங்குகிறவர்களுக்கு இன்னொரு குறை: அந்த உயரத்தில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். கோயம்புத்தூரில் 98-க்கு மேல்.

வெந்நீர் ஊற்றி அலசி, பாட்டிலைச் சூடாக்கிவிட்டு டீ ஊற்ற வேண்டும் என்பார்கள். எவ்வளவு பலன் என்று கணக்குப் போடலாம். உள் பாட்டில் 100 கிராம் ஸ்டீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் நிறைய 95 டிகிரித் தண்ணீர் ஊற்றினால், குளிர்ந்த ஸ்டீல் இழுத்துக்கொள்வது ஒன்றரை டிகிரிதான். அதே பாட்டிலில் 150 மி.லி. மட்டும் ஊற்றினால் ஐந்து டிகிரி போய்விடும். நிறைய ஊற்றுகிறவர்கள் அலசாவிட்டாலும் பெரிய நட்டம் இல்லை. கொஞ்சமாக ஊற்றுகிறவர்கள் கட்டாயம் அலச வேண்டும்.

கடைசியாக ஒன்று: அது வேக்குவம் பாட்டில்தானா என்று பாருங்கள். வெளியே பிளாஸ்டிக், உள்ளே ஸ்டீல், நடுவே ஃபோம் என்று ஒரு வகை விற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுபோக நல்ல சாமான், விலையும் குறைவு. ஆனால் ஃபோமுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறது, அது மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சூட்டைப் பிடிக்காது. அதன் மேல் வேக்குவம் பாட்டிலுக்கான புகார் சொல்வது நியாயம் இல்லை.

வேக்குவம் போய்விட்டது என்று முடிவானால் அதைத் திரும்ப ஏற்ற வழி இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் எதையும் பிரித்துச் சரிசெய்யும் கைகள் நிறைய. லேத்தில் அடியைத் துளைத்து ஃபோம் அடிக்கலாமா, ஆர்கான் வெல்டிங்கில் மூடலாமா என்று கேட்டு வருகிறார்கள். ஓட்டையை அடைப்பது எளிது, உள்ளே உள்ள காற்றை எடுக்க வேக்குவம் அடுப்பு வேண்டும். துளைத்த பாட்டிலில் கழுவும் தண்ணீர் புகுந்து வெளியே வராமல் அழுகும். எக்காரணம் கொண்டும் மூடிய இரட்டைச் சுவர் பாட்டிலை அடுப்பில் வைக்காதீர்கள். இடைவெளியில் சிக்கிய காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து பாட்டிலை வெடிக்க வைக்கலாம். சாதாரணத் தண்ணீர் பாட்டிலாக அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

"ஐஸ் தண்ணி ஊத்துனா பாட்டில் வேர்க்குது"

இதுவும் வேக்குவம் போனதன் அறிகுறிதான், கழுத்தில் மட்டும் வியர்த்தால் பரவாயில்லை. ஆனால் வியர்க்கவில்லை என்பதை வைத்து வேக்குவம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. சித்திரையில் கரூர், பரமத்திப் பக்கம் வெயில் 40 டிகிரி தாண்டும்போது காற்றில் ஈரமே இருக்காது. கெட்டுப்போன பாட்டில்கூட அங்கே அவ்வளவாக வியர்க்காது. ஆகவே நம் ஊருக்கு வெந்நீர்ச் சோதனைதான் நம்பகமானது.

வெயில் காலத்தில் "குளிர்ச்சி முன்ன மாதிரி நிக்கல" என்று வரும் புகாருக்கும் இதே வெயில் காரணம். வெளியே 25 டிகிரி இருக்கும்போது ஐஸ் தண்ணீருக்கும் வெளிக்கும் 25 டிகிரி இடைவெளி. வெளியே 40 என்றால் இடைவெளி 40, சூடு அவ்வளவு வேகமாக உள்ளே வரும். லாரி கேபினுக்குள் அதைவிட மோசம். நாமக்கல், சங்ககிரி டிரைவர்களுக்கு நான் சொல்வது: குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றாமல் ஐஸ் கட்டியும் போடுங்கள். 100 கிராம் ஐஸ் உருகும்போது இழுக்கும் சூடு, அரை லிட்டர் தண்ணீரை 16 டிகிரி குளிர்விக்கப் போதும். அந்த ஐஸ் தீரும் வரை தண்ணீர் சில்லென்றே இருக்கும்.

"பைக்குள்ள ஒழுகுது"

சாதாரணத் தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, செய்தித்தாள் மேல் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடத்தில் தாளில் ஈரம் எந்தப் பக்கம் என்று தெரியும். மூடியைச் சுற்றி வந்தால் பெரிய வாஷர். மூடியின் நடுவில், பட்டன் பக்கம் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன வாஷர். பலருக்குச் சின்ன வாஷர் ஒன்று இருப்பதே தெரியாது.

வாஷரைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் சரிவாக, உதடு போல் இருந்தால் அந்த உதடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கழுவி மாட்டும்போது திருப்பி மாட்டிவிடுவதுதான் ஒழுகலுக்கு முதல் காரணம். பாலாடை, சர்க்கரைப் பிசுக்கு ஏறி வாஷர் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருப்பது அடுத்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தைத் தேயுங்கள். இவ்வளவும் செய்து ஒழுகினால் வாஷர் தளர்ந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பக்கம் பம்புசெட், மோட்டார் உதிரிக் கடைகளில் எந்த அளவிலும் ஓ-ரிங் கிடைக்கும். அளவு கச்சிதமாகப் பொருந்தும், ஒழுகலும் நிற்கும். ஆனால் அங்கே விற்பது பெரும்பாலும் கறுப்பு நைட்ரைல் ரப்பர். எண்ணெய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் செய்தது, குடிக்கும் சூடான டீக்குச் செய்தது இல்லை. இரண்டாம் நாளே டீயில் ரப்பர் வாசம் வரும். உணவுக்கான சிலிகான் வாஷர் என்று கேட்டு வாங்குங்கள். பழைய வாஷரைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். முடியாவிட்டால் உள்விட்டம், தடிமன் இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரா வைத்த மூடியில் சூடான எதையும் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து தண்ணீரை அமுக்கும், ஸ்ட்ராவைத் திறந்த நொடியில் கொதிநீர் குழந்தையின் வாயில் பீய்ச்சி அடிக்கும். இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

"மூடி திறக்கவே வரல"

சூடாக ஊற்றி உடனே மூடியதும், மூடிக்கும் டீக்கும் நடுவே உள்ள இடத்தில் நீராவி நிறைந்திருக்கும். ஆற ஆற அந்த ஆவி தண்ணீராகிவிடும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை உள்ளே அழுத்திப் பிடிக்கும். பட்டன் இருந்தால் பட்டனை அமுக்கிக் காற்றை உள்ளே விடுங்கள், உஸ் என்று சத்தம் வந்து மூடி இளகிவிடும். பட்டன் இல்லாத மூடி என்றால் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து மூடியின் மேல் வெந்நீரை ஓடவிட்டு, ஈரத் துணி சுற்றித் திருகுங்கள். பிளையர் போட வேண்டாம், பிளாஸ்டிக் மூடி கீறி உடையும். ஊற்றியபின் அரை நிமிடம் ஆவியை விட்டுவிட்டு மூடினால் இந்தத் தொந்தரவே குறையும். சர்க்கரை டீ திருகு மரையில் காய்ந்து ஒட்டியிருந்தாலும் இதே வெந்நீர் வைத்தியம்தான்.

"திறந்ததும் மூடி தெறிக்குது, பொங்குது"

மேட்டுப்பாளையத்தில் மூடிய பாட்டிலை ஊட்டியில் திறந்தால் இது நடக்கும். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உள்ளே கீழ்க்காற்று அடைந்திருக்கிறது. முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத் திருகினால் போதும், பாட்டிலில் குறை இல்லை.

சமவெளியிலேயே தெறித்தால் உள்ளே என்ன ஊற்றினீர்கள் என்று பாருங்கள். மோர், நீராகாரம், கம்பங்கூழ், தெளுவு (பதநீர்) இவை எல்லாம் புளித்துக்கொண்டே இருக்கும் பண்டங்கள். தோட்டத்து வேலைக்குக் கம்பங்கூழைக் கரைத்துப் பாட்டிலில் கொண்டுபோகிறவர்கள் இப்போது நிறைய. அறைச் சூட்டில் ஊற்றினால் பாட்டில் அந்த வெதுவெதுப்பை அப்படியே காத்து வைக்கும், புளிப்பு வேகமாக ஏறி வாயு சேரும். தெளுவு எல்லாவற்றையும்விட வேகம், அதை இறுக்கமான பாட்டிலில் அடைக்கவே கூடாது. மோரும் கூழும் வேண்டும் என்றால் ஐஸ் போட்டுச் சில்லென்று ஊற்றுங்கள், புளிப்பு அடங்கும். உப்பும் எலுமிச்சையும் போட்ட மோரை இரவு வரை விட்டு வைக்காமல் பாட்டிலை அன்றே கழுவிவிடுங்கள், உப்பும் புளிப்பும் சேர்ந்தால் ஸ்டீலுக்கு ஆகாது. சோடா, கூல்டிரிங்க்ஸ் வகையும் இந்தப் பாட்டிலுக்கு வேண்டாம்.

"நாத்தம் போகவே மாட்டேங்குது"

ஸ்டீல் வாசனையை உறிஞ்சாது. நாற்றம் இருப்பது வாஷரிலும் மூடியின் இடுக்கிலும். வாஷரைக் கழற்றி மோந்து பார்த்தால் உடனே தெரியும். இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவைச் சூடான தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, மூடாமல் இரவு முழுக்க விடுங்கள். வாஷரையும் மூடியையும் அதே கரைசலில் தனிக் கிண்ணத்தில் ஊறவையுங்கள். டீக்கறையும் இதிலேயே இளகும். பிறகு கவிழ்த்து வைக்காமல், சாய்த்து வைத்துக் காயவிடுங்கள். கவிழ்த்து வைத்தால் உள்ளே ஈரம் அடைந்து மறுபடி நாறும்.

பிளீச்சிங் பவுடர், பிளீச் திரவம் எதுவும் வேண்டாம். குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிமுனைக் குழி போடும். வெளியே கழுவக் கம்பிச் சுருளும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பால் டீயைக் காலையில் ஊற்றிப் பொழுதோட வரை வைத்துக் குடிப்பது உடம்புக்கு நல்லதில்லை. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நிற்கும் பால், கிருமி வளர ஏற்ற இடம். நாள் முழுக்க வேண்டும் என்றால் வெந்நீரைப் பாட்டிலிலும் பால் பவுடர், காப்பித் தூளைத் தனியாகவும் கொண்டுபோங்கள். பால் இல்லாத கருப்பட்டிக் காப்பிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

"உள்ளே துரு புடிச்சிருச்சு, இது ஸ்டீலே இல்லீங்க"

பல்லடம், காங்கேயம், அவிநாசி என்று நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் கடினமானது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற வீட்டில் வராத வெள்ளைப் பொருக்கு, உப்புத்தண்ணி ஊற்றுகிற வீட்டில் சில மாதத்திலேயே வந்துவிடும். அது சுண்ணாம்பு. தண்ணீரில் இரும்புச் சத்தும் இருந்தால் அதே பொருக்கு செம்பழுப்பாகத் தெரியும், பார்க்கத் துரு போலவே இருக்கும்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்றோ எலுமிச்சை உப்பு என்றோ கேட்டால் கிடைக்கும். ஒரு ஸ்பூனைச் சூடான தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், மூடியைப் போடாதீர்கள், சுண்ணாம்பு கரையும்போது வாயு வரும். கொட்டிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால், படிவு என்றால் முழுக்கப் போய் பளபளப்பு வந்துவிடும். போனபின் விரல் நகத்தை ஓட்டினால் குழி தட்டுப்பட்டால், அல்லது இரண்டே நாளில் அதே புள்ளியில் பழுப்பு திரும்பி வந்தால், அது உண்மைத் துரு. அந்தப் பாட்டிலில் குடிப்பதை நிறுத்திவிடுங்கள். சமையல் சோடாவையும் சிட்ரிக் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம், ஒன்று மற்றதன் வேலையைக் கெடுத்துவிடும்.

காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டல, அதனால நல்ல ஸ்டீல்" என்று சொல்வதை நம்பாதீர்கள். பாட்டிலுக்கு நல்லது 304 ரகம், சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்டது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். போதாக்குறைக்கு, நல்ல 304-லும் இழுத்து வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். அடியில் 304 என்று அச்சிட்டிருந்தால் அது உள் சுவருக்கா வெளிச் சுவருக்கா என்று கேளுங்கள். உள் சுவர் 304 ஆக இருந்தே ஆக வேண்டும். 2023-ல் மத்திய அரசு இன்சுலேட்டட் பிளாஸ்க், பாட்டில்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. பில்லோடு அந்த முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

"அடி உப்பி, நிக்க வெச்சா ஆடுது"

ஃபிரீசரில் வைத்திருப்பீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், உள் பாட்டில் கீழ்நோக்கிப் பிதுங்கி வெளி அடியையும் தள்ளிவிடும். வெந்நீர்ச் சோதனை செய்து பாருங்கள், பெரும்பாலும் வேக்குவமும் போயிருக்கும். பெயிண்ட் உரிவது மட்டும் என்றால் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, விட்டுவிடலாம்.

"ஆட்டுனா கலகலன்னு சத்தம் வருது"

ஸ்டீல் பாட்டில் என்றால் சுவர்களுக்கு நடுவே கெட்டர் வில்லை கழன்றிருக்கும். வெந்நீர்ச் சோதனையில் உடம்பு குளிர்ச்சியாக இருந்தால் கவலைப்படாமல் பயன்படுத்துங்கள்.

கண்ணாடி பிளாஸ்க் என்றால் கதை வேறு. 1892-ல் ஜேம்ஸ் டியூவர் லண்டனில் திரவ வாயுக்களுக்காகச் செய்த பாத்திரத்தின் நேர் வாரிசு அது. உள்ளே வெள்ளிப் பூச்சுப் போட்ட இரட்டைக் கண்ணாடி ரீஃபிள் இருக்கும். இன்றும் கல்யாண மண்டபத்திலும் ஓரம்பரை வரும் வீட்டிலும் அதற்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் உள்ளது கண்ணாடி, டீ வாசம் மாறாது. அதை ஆட்டிச் சத்தம் வந்தால் உள்ளே இருப்பதை ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள், அப்படியே கொட்டிவிடுங்கள். கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாத அளவில்கூட இருக்கும். சத்தம் இல்லை, ஆனால் சூடு நிற்கவில்லை என்றால், அடி மூடியைத் திருகி ரீஃபிளை வெளியே எடுத்துக் கீழே உள்ள கூர்முனையைப் பாருங்கள். காற்றை உறிஞ்சி உருக்கி மூடிய இடம் அது. முனை ஒடிந்திருந்தால் வேக்குவம் போயிருக்கும். ரீஃபிள் உட்காரும் ரப்பர் கிண்ணம் தேய்ந்துபோய், முனை அடி மூடியில் இடித்திருக்கும். ஸ்டீலுக்கு இல்லாத வசதி இதில் உண்டு: ரீஃபிளை மட்டும் மாற்றலாம். கடைக்கு வரும்போது பிளாஸ்க்கையே கொண்டு வாருங்கள், லிட்டர் அளவு ஒன்றாக இருந்தாலும் கழுத்து அகலம் மாடலுக்கு மாடல் வேறு. ரீஃபிளோடு ரப்பர் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பழையதையே போட்டால் புது முனையும் அதே இடத்தில் இடிக்கும்.